கட்டிலோரச் சண்டை

"கட்டு நனைஞ்சு கிடக்கு. இதைக்கூடப் பார்க்காம டியூட்டி முடிச்சுக் கிளம்பியாச்சாக்கும்?" மதிய ஷிப்டுக்கு வந்த நர்ஸ் ஏழாம் கட்டிலின் போர்வையைச் சரக்கென்று விலக்கினாள்.

"பன்னிரண்டு மணிக்குக் காஞ்சுதான் இருந்துச்சு." காலை நர்ஸ் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். "வாய் இருக்கிறவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். குத்திக் காட்ட வேண்டாம்."

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கால்மாட்டில் படிவத்தோடு நின்றாள் ஆய்வுக்காரப் பெண். ஷிப்ட் மாறும்போது மேஜையில் நோட்டை வைத்துவிட்டுப் போகாமல், நோயாளியின் பக்கத்திலேயே நின்று விவரம் சொன்னால் தவறு குறைகிறதா என்று வார்டு வார்டாகப் பார்த்து வருகிறாள். இந்த வார்டுக்கு இன்றுதான் வந்திருக்கிறாள். நோயாளிக்குத் தொந்தரவு என்று அவள் எழுதிவிட்டால், நாளையிலிருந்து பழையபடி நோட்டுதான்.

"வலி மாத்திரை?"

"எட்டு மணிக்குக் கொடுத்தது. அடுத்தது ரெண்டுக்கு."

"மணி ரெண்டே கால்!"

"மாத்தி விட வர்றவங்க நேரத்துக்கு வந்திருந்தா கொடுத்திருப்போம்."

"பஸ் வரலை."

"ஆமா, சிலருக்கு மட்டும் பஸ்ஸே வராது."

"கொழுப்பைப் பாரு!"

"யாருக்கு? எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்டி!" அம்மாள் அதட்டினார். "முதல்ல மாத்திரையைக் கொடுங்க."

நர்சுகளையே 'டி' போட்டு விரட்டும் அளவுக்கு நோயாளி நொந்துபோயிருக்கிறார் என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பார்த்தவர் யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

மாத்திரை கொடுத்து, கட்டை மாற்றிவிட்டு, இருவரும் ஆளுக்கொரு திசையில் விறுவிறுவென்று போனார்கள்.

ஆய்வுக்காரப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கங்கம்மா. முடியாம படுத்திருக்கிறவங்க தலைமாட்டுல நின்னு இப்படியா கத்துவாங்க? தொந்தரவுன்னே எழுதிடறேன். நாளைக்கு இந்தத் தொல்லை இருக்காது."

பேனா தாளைத் தொடுவதற்குள் அம்மாள் படிவத்தை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். டிரிப்ஸ் குழாய் ஆடியது.

"எழுதிடாதம்மா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். நோட்டு இருந்தப்ப ரெண்டும் ஒண்ணையொண்ணு ஏறெடுத்தும் பார்க்கலை."

"பார்க்காட்டி என்னம்மா? சண்டையாவது இல்லாம இருந்துச்சே!"

அம்மாள் படிவத்தை விடவில்லை.

"நாலு வருஷம் கழிச்சு, என் பொண்ணுங்க ரெண்டும் இப்பதாம்மா பேசுதுங்க."