விருந்துக்கு ஒரு மசியல்

"கடுகு போறதுக்கு நீ எதுக்கு இந்தப் பாடு படறே?" என்று கேட்டபடியே பஸ் டிரைவர் ஷூவைக் கழற்றினார். இரவு வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் யாரிடமோ இரவல் வாங்கி வந்தவை போல் கனத்தன.

மனைவி அவகாடோவைச் சுற்றிக் கத்தியால் கீறி, இரண்டு கையாலும் திருகிப் பிளந்தாள். கொட்டையை நெம்பி எறிந்துவிட்டு, சதையைக் கரண்டியால் வழித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

கடுகு என்பது அவளுடைய ஆபீஸ் மேனேஜர். எந்நேரமும் பொரிந்துகொண்டே இருக்கிற மனுஷன் என்பதால் டிரைவர் வைத்த பெயர் அது. ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள், பெரிய தலை ஒன்று உருளப் போகிறது என்று கொஞ்ச நாளாகவே பேச்சு.

நேற்று மாலை டிரைவர் டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான் மனைவி சொன்னாள். நாளைக்கு ஆபீஸில் ஒருத்தருக்கு வழியனுப்பு விருந்தாம், குவாக்கமோலி செய்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்களாம். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

"நேத்து ராத்திரியே இந்த மசியலைச் செஞ்சு வச்சுட்டு நிம்மதியா தூங்கியிருக்கலாம்ல?" என்றார். குவாக்கமோலி என்ற பெயர் அவர் வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை.

"ராத்திரி செஞ்சா காலையில மூஞ்சி கறுத்துடும். அப்பப்ப செஞ்சாத்தான் பச்சையா இருக்கும்."

எப்போதோ ஒருமுறை தன் டிபன் டப்பாவில் இதை எடுத்துப் போனாள். 'நீங்க செஞ்சா ருசியே தனி' என்று எவரோ சொல்லி வைக்க, அன்று பிடித்தது சனியன். பிறந்தநாள், பதவி உயர்வு, புது பிரிண்டர் வந்த நாள் என்று எதுவாக இருந்தாலும் இவள் தலையில்தான் விடியும். முடியாது என்று ஒரு தடவை சொல்லத் தெரிய வேண்டுமே அவளுக்கு.

"ருசி ருசின்னு சொல்லியே உன் தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

பச்சை மிளகாயைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரித்துவிடுவாள். பாவம், தூக்கம் போதவில்லை என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

"வெங்காயத்தை இப்படிக் குடு, நான் நறுக்கறேன்" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கீழே மெத்தென்று இருந்தது. பார்த்தால், முதுகுவலிக்காக அவள் ஆபீஸ் நாற்காலியில் போட்டு வைத்திருக்கும் நீலக் குஷன்.

"இது எப்ப வீட்டுக்கு வந்துச்சு?"

"நேத்து எடுத்துட்டு வந்தேன். அழுக்கா இருந்துச்சு."

டிரைவருக்கு அத்தனை அலுப்பிலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. கடுகு உட்காரும் நாற்காலி உயரமான முதுகு வைத்தது, அதற்குக் குஷன் எதற்கு? கடுகு போனால் அந்த இடம் இவளுக்குத்தான் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் சம்பளம் கூடியதும் அவர் பகல் வண்டிக்கு மாறிக்கொள்வது என்று இரண்டு பேரும் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். ராத்திரி டூட்டிப் படி போனாலும் பரவாயில்லை, ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் தூங்கலாம்.

"கடைசியில பாத்தியா, இத்தனை வருஷம் உழைச்ச ஆளைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க" என்றார். கடுகுக்காகக் கொஞ்சம் வருத்தப்படக்கூட முடிந்தது அவரால்.

மனைவி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சாறு தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"தக்காளியில விதையை எடுத்துடுங்க. தண்ணி விட்டுடும்" என்றாள்.

தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து, முள்கரண்டியால் மெதுவாக மசித்தாள். ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.

"உப்பு பாருங்க."

"இதுவரைக்கும் செஞ்சதுலயே இதுதான் டாப். அந்தக் கூட்டத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி."

"நல்லாத்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து அவருக்கென்று தனியாக வைத்தாள். மீதியை டப்பாவில் அடைத்து, காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி அழுத்தினாள்.

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார்.

"டிப்போவுல ஒரு பகல் வண்டி காலியாகுதாம். வேணும்னா இன்னிக்குக் காலையிலயே சொல்லணும், அப்புறம் ராத்திரி டூட்டிக்குத் திரும்ப முடியாதுன்னார் சூப்பர்வைசர். நல்ல நாளாப் போச்சு, இப்பவே சரின்னு சொல்லிடறேன்."

மணி அடித்தது. எதிர்முனையில் எடுப்பதற்குள் மனைவி வந்து, எலுமிச்சை மணக்கும் கையால் போனை அவர் காதிலிருந்து பிடுங்கி அணைத்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"கடுகு எங்கயும் போகலைங்க. விருந்தே எனக்குத்தான்."