பகலவன் நோட்டு

"அவனுக்கு மட்டும் எப்டி மரியம், தொட்டதெல்லாம் பலிக்குது?"

கமாலுக்கு வயிறு எரிந்தது. தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்துப் பதினைந்து வருஷம். இன்னும் வாடகை வீடுதான். கூடப் படித்த பகலவன் மணலி புதுநகரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். எந்தத் தெருவில் எத்தனை புது கரண்ட் மீட்டர் ஏறுகிறது என்று எண்ணி, நோட்டில் எழுதி, அதை வைத்தே நாலு வருஷம் முன்பு ஒரு மனை வாங்கினான். இன்றைக்கு ரெண்டு மடங்கு விலை.

"அவரு எண்ணிப் பாத்து வாங்கினாரு. பலிக்குது" என்றாள் மனைவி மரியம்.

"ஆமா, பெரிய கலெக்டரு!"

மகள் ஹஃப்சாவுக்கு வீசிங். லாரிப் புகை இல்லாத இடமாகப் பார்த்துப் போங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மணலி புதுநகரில் மனை தேடுவதாகக் கமால் பகலவனிடம் சொல்லி ஒரு வருஷம் ஆகப் போகிறது. "பாக்கறேன் மாமு" என்றதோடு சரி. பக்கத்தில் போனாலே நோட்டை மூடிவிடுகிறான்!

"தோஸ்தாம் தோஸ்து. நல்ல மனையெல்லாம் அவனே அமுக்கிக்கப் பாக்கறான்."

ஒரு நாள் பகலவன் டீ குடிக்கப் போன நேரம், வண்டி சீட்டில் நோட்டு கிடந்தது. கமால் சும்மா இருப்பானா? கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். தலைப்பு ஒன்றும் இல்லை. தெருவும் எண்ணும் மட்டும். ஒன்பதாவது தெரு, ஏழு. ஆறாவது தெரு, ஐம்பத்து நாலு. நாலாவது தெரு, இருநூற்றுப் பத்து.

அடேயப்பா! ஒரே தெருவில் இருநூற்றுப் பத்து மீட்டரா?

அன்றைக்கே புரோக்கர் பொன்ராஜைப் பிடித்தான். நாலாவது தெருவில் மனை இருந்தது. அதுவும் மற்ற தெருவைவிட ரெண்டு லட்சம் மலிவு!

"ஓனருக்கு அவசரம் சார்" என்றார் பொன்ராஜ்.

சேர்த்து வைத்த பணம் போயிற்று, மரியத்தின் வளையல்களும் போயின. மறு வாரமே பத்திரம் பதிவாகிவிட்டது.

"அவன் மூக்குல வேர்க்கறதுக்குள்ள முடிச்சிட்டேன் பாத்தியா!" கமால் சிரித்த சிரிப்பில் ஹஃப்சாவும் சேர்ந்து சிரித்து, இருமினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பகலவனே வீட்டுக்கு வந்தான். கையில் அதே நோட்டு, முகமெல்லாம் பல்.

"மாமு, ஒரு வருஷம் முழுசா எண்ணி முடிச்சிட்டேன். ஒன்பதாவது தெருவுல ஓனராண்ட பேசி, உன் பேருக்கு ஒரு மனை புடிச்சி வச்சிகீறேன். அட்வான்ஸ் எடுத்துகினு கெளம்பு."

"எம் பேருக்கா?" கமாலுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அங்க வெறும் ஏழு மீட்டருதானே?"

"இன்னா மீட்டரு? ஓ... நோட்டைப் பாத்துட்டியா?" பகலவன் சிரித்தான். "அரைகுறையாப் பாத்தா தப்பாப் பூடும்னுதான் உனக்குக் காட்டாம இருந்தேன்."

"அப்ப... அது இன்னா எண்ணு?"

"கொழந்தைக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னியே மாமு. கெமிக்கல் கம்பெனிங்க பக்கத்துலேர்ந்து எந்தத் தெருவுக்கு எத்தினி நாளு கேஸ் நாத்தம் வருதுன்னு, நம்ம ஹஃப்சாவுக்காகத்தான் எண்ணிகினு இருந்தேன்."