பெயர் போடாத தாள்

கையெழுத்தைப் பார்த்தே எழுதிய ஆளைச் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்குவதுதான் நாகசுப்பிரமணியனின் ஆராய்ச்சி. பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தார்; அவர்களுடைய நோட்டுகளைக் கொடுத்துத்தான் அதைப் பழக்கினார்.

பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதித் தந்த கருத்துகளில் ஒன்று: "இவரு நடத்துனா தூக்கந்தான் வருது."

கடைசி பெஞ்சில் தூங்கி வழியும், எழுமலையிலிருந்து வரும் ராஜகுருவின் வேலைதான் என்று, கம்ப்யூட்டரைக்கூடக் கேட்காமல், அவனுடைய இன்டர்னல் மார்க்கில் கைவைத்து ஆபீசுக்கும் அனுப்பிவிட்டார்.

ராஜகுரு வந்து நின்றான். "அஞ்சுதான் சார் போட்டிருக்கீங்க. நான்தான் சரியா எழுதலை போல."

"நீதான் நல்லா எழுதுவியே, போடா!"

அவன் போனதும், தன்னைப் பாராட்டியிருந்த ஒரே தாளை ஆசையாகக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். "இவரு கிளாசுக்காகவே முதல் பஸ்ஸப் பிடிச்சு வாரேன்."

திரையில் வந்த பெயர், ராஜகுரு.

தன் ப்ரோக்ராம் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டுமே என்று முதன்முதலாக வேண்டிக்கொண்டு, அந்தத் தாளை மறுபடியும் கொடுத்தார்.

மறுபடியும் ராஜகுருதான்.