ஒரு பேச்சுக்கு

"யாராவது இப்படி வந்து நிப்பாங்களா? அதுவும் புத்தாண்டுக்கு முந்தின நாள்?"

லுவான் சமையலறைக்குள் வந்து மனைவியிடம் பல்லைக் கடித்தார். வாசலில் ஓர் ஆப்பிரிக்கப் பெண், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு, காலில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு நின்றாள்.

"நான் வேலை பாக்குற யூனிவர்சிட்டி கேன்டீன்ல சாப்பிட வர்ற பொண்ணுதாங்க. பேரு ரெஹெமா, தான்சானியாவிலேர்ந்து வந்து படிக்குது," என்றாள் மெய்ச்சின், மாவைப் பிசைந்தபடியே. "லீவுக்கு ஊருக்குப் போகலையாம். எங்க வீட்டுக்கு வாயேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஊர்ல எல்லாரும்தான் வீட்டுக்குச் சாப்பிட வாங்கன்னு சொல்றாங்க. யாரு வர்றா?"

"அது அந்தப் பொண்ணுக்கு எப்படிங்க தெரியும்?"

"சீனம் பேசுமா?"

"ஒரு வார்த்தை தெரியாது. போன்ல அமுக்கி அமுக்கித்தான் பேசிக்குவோம். இப்ப அதுவும் ரிப்பேராம்."

"உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியே நீ," என்று தலையில் அடித்துக்கொண்டார் லுவான்.

அவர் கவலை அவருக்கு. விருந்தாளி வந்தால் வீட்டு வண்டவாளம் தெரிந்துவிடும். மகன் போவெனோடு அவர் பேசி இரண்டு வருடமாகிறது. நாலு பேரைப் பிடித்து அவர் வாங்கிக் கொடுத்த கப்பல் கட்டும் தள வேலையை உதறிவிட்டு, சிங்தாவ் நகரத்தில் ரொட்டிக் கடை போட்டுவிட்டான். போன புத்தாண்டுக்கு அவன் வந்தபோது, லுவான் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த வருடமும் அப்படி நடந்தால் இனிமேல் இந்த யான்டாய் ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவென் இன்று காலை பஸ் ஏறினான்.

வந்ததிலிருந்து மெய்ச்சின்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரி.

"உன் பையனைக் கதவைச் சாத்தச் சொல்லு."

"அவரை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்மா."

ரெஹெமா உள்ளே நுழைந்ததும் வீட்டுக்கே திருவிழாக் களை வந்துவிட்டது. கதவில் சிவப்புத் தாள் ஒட்டினாள், பசையை மூக்கிலும் பூசிக்கொண்டாள். அவள் மடித்த கொழுக்கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து படுத்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, அவள் கையில் வேர்க்கடலையைத் திணித்துவிட்டுப் போனார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே விருந்து ஆரம்பித்தது. விருந்தாளி எதிரில் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக முடியுமா? லுவான் உட்கார்ந்தார். அவருக்கு எதிரில் போவென். நடுவில் ரெஹெமா. மெய்ச்சின் கொழுக்கட்டை வேகவைக்க உள்ளே போய்விட்டாள்.

ரெஹெமா போவெனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். வெளிநாட்டுக் கப்பல்காரர்களோடு பழகியதில் அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

"என்னவாம்?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார் லுவான்.

போவெனும் சுவரைப் பார்த்துச் சொன்னான். "மீன் நல்லா இருக்காம். யாரு வாங்கினதுன்னு கேக்குறா."

"நான்தான். துறைமுகத்துல ஒரு மணி நேரம் குளிர்ல நின்னு வாங்கினேன்னு சொல்லு."

சொன்னான்.

"முழுசாச் சொன்னியா? ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டே?"

"ஆங்கிலத்துல அவ்வளவுதான் வரும்."

ரெஹெமா அடுத்ததைக் கேட்டாள்.

"நான் என்ன வேலை செய்றேன்னு கேக்குறா. ரொட்டி சுடுறேன்னு சொன்னேன்."

"கப்பல் தள வேலையை விட்டதையும் சேத்துச் சொல்லு."

அதையும் சொன்னான். அவள் திரும்பவும் ஏதோ கேட்டாள். இந்தத் தடவை போவென் மீன் முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

"என்னடா கேக்குறா?"

"அப்போ உங்களுக்குக் கோபமான்னு கேக்குறா."

லுவான் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"கோபம் இல்லன்னு சொல்லு. பயம். கடை படுத்துட்டா இவன் யார்கிட்ட போய் நிப்பான்? பட்டினி கிடந்தாலும் அப்பன்கிட்ட வந்து கேக்க மாட்டான், ரோஷக்காரன். ராத்திரியெல்லாம் எனக்கு அதான் நினைப்பு. அதைச் சொல்லு அவகிட்ட."

போவென் ரெஹெமா பக்கம் போகாமல் அப்பா பக்கம் திரும்பினான்.

"சொன்னியாடா?"

"அது எனக்குச் சொன்னதுதானேப்பா."

இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த 'அப்பா'. லுவான் மீனிலேயே ருசியான கன்னத்துச் சதையை எடுத்து மகன் கிண்ணத்தில் போட்டார்.

"சாப்பிடு, ஆறிடப்போகுது. உன் கடை ரொட்டி ஒண்ணு கொண்டு வரக்கூடாதா?"

"பையில இருக்குப்பா. நீங்க தொடமாட்டீங்கன்னு எடுக்கல."

"எடுத்துட்டு வாடா முதல்ல."

அதன்பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அடுப்பு எத்தனை, வாடகை என்ன, மாவு யார் தருகிறார்கள் என்று லுவான் குடைந்தெடுத்தார். விருந்தாளி ஒருத்தி பக்கத்தில் இருப்பதையே இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

ரெஹெமா காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு மெல்லச் சமையலறைக்கு வந்தாள். மெய்ச்சின் கரண்டியைப் பிடித்தபடி கதவோரம் காதை வைத்து நின்றுகொண்டிருந்தாள். கொழுக்கட்டைகள் குழைந்து, பாதி பானைக்குள்ளேயே பிரிந்து கிடந்தன.

கதவைச் சாத்திவிட்டு, மூன்று வருடமாகக் கேன்டீன் வரிசையில் மெய்ச்சினோடு வாயாடிப் பழகிய அச்சு அசல் யான்டாய்ச் சீனத்தில் கிசுகிசுத்தாள் ரெஹெமா:

"சித்தி, ஏழு கேள்வி சொல்லிக் கொடுத்தீங்க, மூணாவதுலயே பேசிட்டாங்க. இனிமே நானும் சீனம் பேசலாமா, இல்ல, அவங்க இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டுமா?"