சுற்றிவரச் சத்தம்

மஞ்சள் வயரைச் செருகியதும் பழைய டிவியில் படம் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று, இணைப்புக் கொடுக்க வந்த ரிஷாத் எழுந்தான்.

"படம் கிடக்கட்டும் தம்பி. சத்தம் வரவேணும்" என்றாள் ஜெயரூபி.

உட்துறைமுக வீதியில் இருந்தது அந்த வீடு. டிவியும் அம்ப்ளிஃபையரும் ஐந்து ஸ்பீக்கரும் பாஸ் பெட்டியும் ஒரு காலத்தில் அவள் கணவன் கோணேஸ்வரன் ஆசைப்பட்டு வாங்கியவை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மகள் விளையாடவென்று கேம் மெஷின் மட்டும் நேற்று வந்தது. கனடாவுக்குப் போன அவளுடைய தம்பி விட்டுச் சென்றதாம்.

மெஷினின் வயர் அந்த டிவியில் எந்தத் துளைக்கும் பொருந்தவில்லை. உள்ளங்கை அளவு மாற்றிப் பெட்டி ஒன்றை நடுவில் போட்டுத்தான் ரிஷாத் படத்தை வரவழைத்திருந்தான்.

"அண்ணன் வேலைக்கோ?"

"உள்ள படுத்திருக்கிறார்."

இரவு வேலை முடிந்து வந்தவராக்கும் என்று ரிஷாத் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

பிள்ளை விளையாடுவதற்கு டிவியின் சத்தமே போதும் என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. சுற்றிவர வரவேண்டும். நன்றாக வரவேண்டும்.

ஸ்பீக்கர் வயர்களை எலி கடித்திருந்தது. புதிது இழுத்தான். நுனியில் சிவப்பு வெளிச்சம் ஒளிரும் மெல்லிய வயரை மெஷினிலிருந்து அம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தான். மெஷினின் செட்டிங்கில் ஒரு வரியை மாற்றும்வரை பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஊமையாகவே இருந்தன.

அந்த இரண்டையும் கதிரைக்குப் பின்னால் வைக்கப் போனபோது அவள் தடுத்தாள். உள் அறையின் கதவுக்கு இருபுறமும் வைக்கச் சொன்னாள். பாஸ் பெட்டியையும் அங்கேயே.

"அங்க வைச்சா சத்தம் ஒரு பக்கமா இழுக்கும் அக்கா. அண்ணனும் நித்திரை கொள்ள ஏலாது."

"நான் சொல்ற மாதிரி வையுங்கோ."

பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன். இப்படி ஒரு பிழையான இடத்தில் ஸ்பீக்கர் வைத்ததில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தான்.

பிறகு ஓர் இரைச்சல் கேட்டது.

தாழ்ந்த, விட்டு விட்டு வரும் ஓசை. பாஸ் பெட்டிப் பக்கமாக இருந்தது. பழைய செட்டுகளில் இது வழமைதான், ஏர்த் சரியில்லாவிட்டால் இப்படித்தான் முனகும்.

சத்தத்தை முழுவதும் குறைத்தான். முனகல் குறையவில்லை.

மஞ்சள் வயரைக் கழற்றினான். சிவப்பு வெளிச்ச வயரைக் கழற்றினான். பாஸ் பெட்டியின் வயரையும் பிடுங்கினான். கடைசியில் சுவரிலிருந்து பிளக்கையே இழுத்தான். அம்ப்ளிஃபையரின் விளக்கு அணைந்தது.

முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கையில் பிளக்குடன் ரிஷாத் நிமிர்ந்தான். உள் அறைக் கதவில் முதுகைச் சாய்த்தபடி நின்றாள் ஜெயரூபி.

"அவர்தான் தம்பி" என்றாள். "எலும்புக்குள்ள புற்று. குடுக்கிற மருந்து இப்ப பிடிக்குதில்லை. பிள்ளை வீட்டில நிக்கிற நேரமெல்லாம் துவாயைக் கடிச்சுக்கொண்டு கிடப்பார். நேற்று என்ர கையைப் பிடிச்சு, ஒருக்கா வாய்விட்டுக் கத்த விடு எண்டு கேட்டவர்."

ரிஷாத் பிளக்கைக் கீழே வைத்தான்.

"நாளைக்குத் தொடக்கம் பள்ளிக்கூட லீவு. பிள்ளை முழு நாளும் இங்கதான். அவளுக்கு ஒண்டும் தெரியாது. அப்பாவுக்கு இடுப்பில நாரிப்பிடிப்பு எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

அவன் மறுபடி குந்தினான். பிடுங்கிய வயர்களை ஒவ்வொன்றாகச் செருகினான். மஞ்சளைச் சிவப்புத் துளையில் செருகி, பிறகு மாற்றினான். அவள் கேட்காமலே முன் ஸ்பீக்கர்களையும் கதவுப் பக்கமாகத் திருப்பினான். அம்ப்ளிஃபையரை மறுபடி போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் கடைசிக் கோடுவரை ஏற்றினான்.

நான்கு மணிக்கு டியூஷன் முடிந்து மகள் வந்தாள். பத்து வயது, கிருஷிகா என்று பெயர். புத்தகப் பையைக் கழற்றியபடியே மெஷினைப் பார்த்தாள். துள்ளவில்லை. தாயின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தாள்.

கார் ஓட்டப் போட்டி ஒன்றைப் போட்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் வேகம், எதை அழுத்தினால் நிற்கும் என்று ரிஷாத் காட்டிக்கொடுத்தான். எஞ்சின்கள் உறுமின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஜெயரூபி உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் வளைவு தாண்டியதும் கதவுக்குப் பின்னால் அது தொடங்கியது. வேறு யாருக்கும் எஞ்சின் மட்டும்தான் கேட்டிருக்கும். இரைச்சலிலிருந்து இரைச்சலைப் பிரித்துப் பழகிய காது ரிஷாத்தினுடையது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டான். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கருவிப் பையின் வாரைப் பிடித்தபடி நின்றான்.

திரையில் கார் மதிலில் மோதி நின்றது.

கிருஷிகா அதைத் திருப்பவில்லை. வேகப் பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. மதிலில் முட்டியபடியே கார் உறுமிக்கொண்டு நின்றது.

மற்றக் கையால் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்தான். மூடிய கதவை ஒருதரம் பார்த்துவிட்டு அவன் காதுக்குள் கேட்டாள்.

"அங்கிள், இதுக்கு மேல சத்தத்தைக் கூட்ட ஏலாதோ? அப்பாவுக்கு இது போதாது."