உள்ளே ஒருத்தி

செவலை என்கிற மந்தி, வெள்ளத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ஆற்றின் நடுவே ஒரு மருத மரத்தில் தனியாக மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு பாம்பு கிளையேறி வந்தது. "பாம்பு! மேலே ஓடு!" என்று கூட்டத்தை எச்சரிக்கும் பழக்கத்தில் கத்தினாள். கேட்க யாருமில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு அவளே மேலே தாவிப் பிழைத்தாள்.

அன்றிலிருந்து தன்னோடு தானே பேசத் தொடங்கினாள். "பசிக்குதா?" என்று கேட்பாள். "பசிக்குது. ஆனா நாளைக்கும் கொஞ்சம் தளிர் இருக்கட்டும்" என்று பதிலும் சொல்வாள். போகப்போக வாய் திறக்காமலே பேச்சு உள்ளே நடந்தது.

வெள்ளம் வடிந்ததும் கூட்டம் தேடி வந்துவிட்டது. தங்கை வெள்ளச்சி ஓடிவந்து கட்டிக்கொண்டு, உட்காரவைத்துப் பேன் பார்த்தாள்.

"இத்தனை நாள் தனியா எப்படிக்கா இருந்தே?"

"தனியா இல்லடி. உள்ளே ஒருத்தி பேசிக்கிட்டே இருந்தா. இப்பக்கூட நீ பேன் பார்க்கிறதை அவ பார்த்துக்கிட்டிருக்கா. உனக்குள்ளே அப்படி யாராவது இருக்காங்களா?"

வெள்ளச்சி அசையாமல் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள். "யாரும் இல்லையேக்கா" என்றாள். அதற்குள் பக்கத்து மரத்தில் அத்திப்பழம் உலுக்கும் சத்தம் கேட்கவே ஓடிவிட்டாள்.

கூட்டமே குதித்துத் தின்றுகொண்டிருந்தது. செவலை மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நாம ரெண்டு பேர்தான்" என்றது உள்ளேயிருந்த குரல்.