நாலு பிளக்கும் கரி

“சாலமன் மாமா, நின்னுகினே இருக்குற காரு பெட்ரோல் குடிக்குமா?”

போன ஞாயிற்றுக்கிழமை திவ்யா இப்படிக் கேட்டபோது சாலமன் சிரித்துவிட்டான். “நீ தூங்கசொல்ல இட்லி துன்னுவியா? காரும் அதே மாதிரிதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கேள்விதானே என்று மறந்தும் போனான்.

இன்று அவளுடைய அப்பா தினகரன், பழவேற்காட்டில் சாலமனின் பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டார்.

“வீட்டாண்ட சும்மா நிக்கிற கார்ல பெட்ரோல் எங்கடா போவுது? டிரான்ஸ்பார்மர் எரிஞ்சி மூணு வாரமா பகல்ல கரண்ட் இல்ல, ராத்திரிக்கு மட்டும் பக்கத்து ஊரு லைன்ல குடுக்குறான். புதுசு வர இன்னும் பத்து நாளாவுமாம். ஐஸெல்லாம் தண்ணியாப் போயி மீனு நாறுது. அதே மூணு வாரமா இந்தக் காரும் என் உயிர வாங்குது. சர்வீஸ்னு சொல்லி இன்னாடா பண்ணி வெச்சே?”

“சர்வீஸ்தாண்ணா பண்ணேன்.”

“ஆயிரத்து இருநூறு சிசி, நாலு சிலிண்டரு, லிட்டருக்குப் பதினெட்டு குடுக்கும்னு நீதானே வாங்கச் சொன்னே? இப்ப பதினொண்ணுக்கே மூச்சு வாங்குது. நானூறு கிலோமீட்டர் ஓட்ட முப்பத்தாறு லிட்டர் ஊத்தியிருக்கேன். இது காரா, கப்பலா?”

எதிர் டீக்கடையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தினகரனுக்கு அது இன்னும் வேகத்தைக் கொடுத்தது.

“டேங்குல டியூப் வுட்டு உறிஞ்சறது யாருன்னு எனக்குத் தெரியாதா? நம்ம குப்பத்துல இருக்குற ஒரே மெக்கானிக்கு நீதான். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்துல சொல்றேன் பாரு. அப்புறம் ஒரு போட்டு இன்ஜின்கூட உன் பட்டறைக்கு வராது.”

சாலமனுக்கு முகம் தீயாய் எரிந்தது. இருபது வருடத் தொழில். படகு இன்ஜினுக்கு வாங்கிக் கொடுத்த எண்ணெயில் கால் டப்பா மிஞ்சினாலும், உடையவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவன் அவன்.

“திருடன்னா சொல்றீங்க? இருங்கண்ணா. எவன் எடுத்தான்னு உங்க கண்ணெதிர்லயே காட்டறேன். காட்டலன்னா பட்டறைய மூடிடறேன்.”

பானெட்டைத் திறந்தான். டேங்கிலும் குழாயிலும் கசிவு இல்லை. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. ஆயில் அளவு சரி. கடைசியாக, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளைக் கழற்றினான். நாலு பிளக்கும் விறகடுப்புப் பானையின் அடிபோலக் கரி.

சாலமன் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்த்தான், மறுபடி பிளக்கைப் பார்த்தான். புரிந்துவிட்டது. சக்கரம் உருளவில்லை, இன்ஜின் மட்டும் தினமும் நின்ற இடத்தில் ஓடியிருக்கிறது. வீட்டிலேயே கள்ளனை வைத்துக்கொண்டு என்னையா திருடன் என்கிறார்?

“பகல்ல சாவி யாராண்ட இருக்கும்?”

“ஒண்ணு என்னாண்ட. இன்னொண்ணு வீட்டுல, பூவிழியாண்ட. ஏன், என் பொண்டாட்டி பெட்ரோல மோருன்னு நெனச்சி குடிச்சிட்டாளா? அவளுக்குக் கியரு எதுன்னே தெரியாதுடா.”

“வேற யாராச்சும் உள்ள ஏறுவாங்களா?”

“என் கார்லயா? மீனு வாடையோட எவனும் ஏறக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அது உண்மைதான். மீன் விற்றுக் கார் வாங்கியவர், சொந்தத் தம்பியைக்கூடக் குளித்துவிட்டு வரச் சொல்வார்.

“யாரு ஏறுனாங்கன்னு இப்ப தெரிஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டே சாலமன் பின்கதவைத் திறந்து இருக்கைச் சந்தில் கையை விட்டான். விரல்கணு நீளத்தில், முனை திருகிப்போட்ட காலி பிளாஸ்டிக் குப்பிகள் ஐந்தாறு வந்தன. ஒன்றின் மேலிருந்த எழுத்தைக் குனிந்தபடியே படித்தான்.

“இன்னாடா கெடச்சிது?”

“குப்பைண்ணா.” அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“திருடனக் காட்டறேன்னியே?”

சாலமன் பிளக்கைத் துணியில் துடைத்தபடி சொன்னான்: “தப்பு என்னுதுதாண்ணா. சர்வீஸ் பண்ணசொல்ல ஆக்சிஜன் சென்சார் ஒயர சரியா மாட்டாம வுட்டுட்டேன். அதான் பெட்ரோலு கண்டபடி பாயுது.”

இன்ஜின் விஷயத்தில் அவன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது.

“கேட்டீங்களாப்பா!” தினகரன் டீக்கடைப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். “அவன் வாயாலயே வந்துடுச்சு. இருபது வருசமா இவனப் போயி நம்புனோமே! கூட்டத்துல சொல்லத்தாண்டா போறேன்.”

“சொல்லுங்கண்ணா. சாயங்காலம் வந்து வண்டிய எடுத்துக்குங்க. இன்னும் பத்து நாளைக்கு மைலேஜ் கொறைவாத்தான் இருக்கும். வூட்டுல யாரையும் கேக்காதீங்க, அதுக்கு நான் பொறுப்பு.”

தினகரன் திட்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனார். டீக்கடையும் கலைந்தது. சாலமன் பங்க்குக்குப் போய்க் கேன் நிறையப் பெட்ரோல் வாங்கிவந்தான். ஒரு சொட்டுச் சிந்தாமல் டேங்கில் ஊற்றி மூடினான்.

பிறகு சட்டைப் பையிலிருந்த குப்பிகளைக் கையில் கொட்டினான். அவனுடைய இரண்டு வயது மகள் அனிதாவுக்கு மூச்சிரைப்பு. ஒரு நாளைக்கு நாலு தடவை மெஷினில் ஊற்றிப் புகையாகக் கொடுக்கும் மருந்துதான் அது. பொன்னேரியில் அவனே வாங்கிவந்தது. அந்த மெஷினைக் காரில் போன் சார்ஜர் சொருகும் இடத்தில் சொருகியும் ஓட்டலாம். சாவியைத் திருப்பி இன்ஜினை ஓடவிட்டால் போதும், கியர் தெரிய வேண்டியதில்லை.

“கரண்டுக்கு ஒரு மகராசி ஒதவுறா. பேர மட்டும் கேக்காத, சத்தியம் பண்ணியிருக்கேன்” என்று மூன்று வாரமாகச் சொல்லிவந்தாள் அவன் மனைவி தேவி. சாலமன் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்க வேண்டியதும் இல்லை.